மைக் இரண்டும் நலம், பாட்டை மட்டும் காணவில்லை: ஃபாண்டம் பவரும் போலாரிட்டியும்

இரண்டு கண்டென்சர் மைக்குகளை வைத்து ஒரு கச்சேரியை ஸ்டீரியோவில் பதிவு செய்திருக்கிறார்கள். ஹெட்போனில் கேட்டால் ஏதோ விசாலமாக இருக்கிறது. பாடகர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் பிடிபடவில்லை. அதே பதிவை ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட கைப்பேசியில் ஓடவிட்டால் பாட்டு மெலிந்துபோய், தம்புரா பாதியாகி, முன்வரிசையில் யாரோ இருமியதும் அரங்கத்தின் எதிரொலியும் மட்டும் துல்லியமாகக் கேட்கின்றன. உடனே பஞ்சாயத்து கூடிவிடும். "ஃபாண்டம் பவர் சரியாக வரவில்லை" என்பார் ஒருவர். "ஃபேஸ் மாறிவிட்டது" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் இரண்டையும் கலந்து, "48 வோல்ட்டில் பிளஸ்சும் மைனஸ்சும் இடம் மாறிவிட்டன" என்று தீர்ப்பே வழங்கிவிடுவார். மைக்கை விற்றுவிடச் சொல்பவரும் உண்டு.

இதில் மைக்கின் மேல் குற்றமே இல்லை. ஃபாண்டம் பவரின் மேலும் இல்லை. இரண்டாமவர் மட்டும் கிட்டத்தட்ட நெருங்கிவிட்டார். ஃபாண்டம் பவர், போலாரிட்டி, ஃபேஸ் ஆகிய மூன்றும் தனித்தனி விஷயங்கள். முதலாவது மைக்குக்குப் போகும் மின்சாரம், இரண்டாவது ஒலி அலையின் மேல்-கீழ்த் திசை, மூன்றாவது அலை வந்து சேரும் நேர வித்தியாசம். மூன்றும் ஒரே கேபிளைச் சுற்றியே பேசப்படுவதால் ஒன்றின் பழி இன்னொன்றின் தலையில் விழுகிறது. மூன்றையும் பிரித்துப் பார்க்க மின்னணுவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஹெட்போனும் மலிவான மல்டிமீட்டர் ஒன்றும் இருந்தால் போதும்.

## மூன்று பின், ஒரு தராசு

மைக் கேபிளின் முனையில் இருக்கும் வட்டமான கனெக்டருக்கு எக்ஸ்எல்ஆர் என்று பெயர். அதற்குள் மூன்று உலோகப் பின்கள் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் அருகிலும் 1, 2, 3 என்று பொடி எண்கள் பொறித்திருப்பது தெரியும். 1ஆம் பின், கேபிளுக்குள் கம்பிகளைச் சுற்றிப் பின்னியிருக்கும் உலோக வலையோடு சேர்கிறது. அந்த வலைதான் ஷீல்ட். 2, 3 இரண்டும் சிக்னலைக் கொண்டுபோகும் கம்பிகள்.

ஒரு சிக்னலுக்கு எதற்கு இரண்டு கம்பி? மைக் தருவது மில்லிவோல்ட் கணக்கிலான மிகச் சிறிய மின்னழுத்தம். அதை இருபது, முப்பது மீட்டர் இழுத்து வருவதற்குள் விளக்கு, மின்விசிறி, கைப்பேசி என்று வழியில் உள்ள எல்லாமே அதன்மேல் இரைச்சலைத் தூவிவிடும். அதனால் மிக்சரோ (பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் பெட்டி) ஆடியோ இன்டர்ஃபேஸோ (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) எந்தக் கம்பியையும் தனியாக அளப்பதில்லை. 2ஆம் பின்னில் இருப்பதிலிருந்து 3ஆம் பின்னில் இருப்பதைக் கழித்து, மிஞ்சுவதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறியிருப்பதால் கழித்தலில் காணாமல் போகும். இதற்குப் பேலன்ஸ்டு இணைப்பு என்று பெயர்.

பழைய மளிகைக்கடைத் தராசு ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை சுலபம். 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும் இரண்டு தட்டுகள். நடுவில் இருக்கும் முள்தான் மிக்சர். தட்டு எவ்வளவு கனம் என்பது முள்ளுக்குத் தெரியாது. எந்தத் தட்டு எவ்வளவு அதிகம் என்பது மட்டுமே தெரியும். இரண்டு தட்டிலும் ஒரே எடையுள்ள படிக்கல்லை வைத்தால் முள் அசையாது. தட்டுகளை இடம் மாற்றித் தொங்கவிட்டால், வலப்பக்கம் சாய வேண்டிய முள் இடப்பக்கம் சாயும். முதலில் சொன்னது ஃபாண்டம் பவர். அடுத்துச் சொன்னது போலாரிட்டி மாற்றம்.

## கண்டென்சர் மைக்குக்கு ஏன் மின்சாரம் வேண்டும்

மேடைகளில் பாடகர்கள் கையில் பிடித்துப் பாடும் மைக்குகள் பெரும்பாலும் டைனமிக் வகை. காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள் அசைந்து, அந்த அசைவே மின்சாரத்தை உண்டாக்கிவிடும். வெளியிலிருந்து எதுவும் தர வேண்டாம்.

கண்டென்சர் மைக்கின் உள்ளே இருப்பது ஒரு மின்தேக்கி. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய, பெரும்பாலும் தங்கப் பூச்சுக் கொண்ட ஒரு சவ்வு. அதற்கு மிக அருகில் அசையாத ஒரு தகடு. ஒலி வந்து சவ்வைத் தள்ளும்போது இடைவெளி மாறும். இடைவெளி மாறினால், அங்கே தேங்கியிருக்கும் மின்னூட்டம் மின்னழுத்த மாற்றமாக வெளிப்படும். அதற்கு முதலில் மின்னூட்டம் இருக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் சிக்னலும் மிக நோஞ்சானாக இருக்கும் என்பதால் மைக்கின் உடலுக்குள்ளேயே ஒரு சிறு ஆம்ப்ளிஃபயர் தேவைப்படுகிறது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் மின்சாரம். 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கிய எலக்ட்ரெட் வகையில் மின்னூட்டம் நிரந்தரமாகவே பதிந்திருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு அதிலும் மின்சாரம் வேண்டும். "எலக்ட்ரெட் மைக்குக்குப் பவர் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டுவிடுங்கள்.

அந்த மின்சாரத்தைத் தனிக் கம்பி இல்லாமல் சிக்னல் கம்பிகளிலேயே அனுப்பும் உபாயம்தான் ஃபாண்டம் பவர். மிக்சர் 48 வோல்ட்டை எடுத்து, 6.8 கிலோ ஓம் மின்தடை ஒன்றின் வழியாக 2ஆம் பின்னுக்கும், அதே மதிப்புள்ள இன்னொரு மின்தடை வழியாக 3ஆம் பின்னுக்கும் தருகிறது. மைக் அதைப் பயன்படுத்திக்கொண்டு ஷீல்ட் வழியாக, அதாவது 1ஆம் பின் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு தட்டிலும் சம எடை என்பதால் முள் அசைவதில்லை. 48 வோல்ட் கம்பியில் நின்றுகொண்டிருந்தாலும் சிக்னலில் அதன் சுவடே தெரியாது. ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் 1966இல் நார்வே வானொலிக்காகக் கேஎம் 84 மைக்கை உருவாக்கியபோது இந்த 48 வோல்ட் வழக்கத்துக்கு வந்தது. அந்த வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் இருந்தது என்பதுதான் காரணம். உலகமெங்கும் இன்று புழங்கும் எண் ஒன்று விளக்கு எரிய வைத்திருந்த ஏற்பாட்டிலிருந்து வந்திருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், ஃபாண்டம் பவரில் பிளஸ் என்பது 2, 3 இரண்டுமே. மைனஸ் என்பது ஷீல்ட். 2க்கும் 3க்கும் நடுவே அளந்தால் சுழியம்தான் வர வேண்டும்.

## போலாரிட்டி: தட்டு மாறினால் என்ன ஆகும்

காற்றழுத்தம் கூடி மைக்கின் சவ்வை உள்நோக்கித் தள்ளும்போது 2ஆம் பின்னில் மின்னழுத்தம் 3ஆம் பின்னைவிட மேலே போக வேண்டும். இதுதான் இன்றைய பொது விதி. எந்தத் திசை மேல், எந்தத் திசை கீழ் என்ற இந்த ஒழுங்குக்குப் போலாரிட்டி என்று பெயர். கனெக்டரில் கம்பிகளைப் பற்றவைத்தவர் 2ஐயும் 3ஐயும் மாற்றி வைத்துவிட்டால் மேல் கீழாகும், கீழ் மேலாகும். ஒலி அலையின் வடிவம் தலைகீழாகக் கவிழும்.

மூன்றாமவரின் தீர்ப்பு இங்கேதான் உடைகிறது. 2ஐயும் 3ஐயும் மாற்றினால் ஃபாண்டம் பவருக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இரண்டு தட்டிலும் இருப்பது ஒரே எடை. இடம் மாற்றினாலும் ஒரே எடைதான். மைக் முழு பலத்தோடு வேலை செய்யும். மிக்சரின் ஒலியளவு மீட்டரில் பச்சைக் கோடு ஆடும். அந்த மைக்கின் சேனலை (அதன் தனித் தடத்தை) மட்டும் ஹெட்போனில் கேட்டால் எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் தனியாக ஒலிக்கும் ஒரு சிக்னல் நிமிர்ந்திருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா என்று நம் காது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. கச்சேரிக்கு முன் வழக்கமாகச் செய்யும் "ஹலோ, மைக் டெஸ்டிங்" சோதனைகள் அத்தனையிலும் இந்தக் கேபிள் முதல் மதிப்பெண்ணோடு தேறிவிடும். பக்கத்தில் இன்னொரு மைக் வந்து இரண்டும் சேரும்போதுதான் அதன் குணம் வெளியே வரும். ஒரு சேனலில் அலை மேலே போகும் அதே கணத்தில் மற்றதில் கீழே போகிறது. கூட்டினால் மிஞ்சுவது எதுவுமில்லை.

எது அழியும், எது தப்பும் என்பதைக் கவனித்தால் நோய் என்னவென்று கேட்டவுடனே சொல்லிவிடலாம். நடுவில் இருக்கும் பாடகரின் ஒலி இரண்டு மைக்குக்கும் ஒரே மாதிரி வருகிறது. ஆகவே அதுதான் முதலில் அழியும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி, கூட்டத்தின் சலசலப்பு ஆகியவை ஒவ்வொரு மைக்குக்கும் வேறு வேறாக வருவதால் தப்பிவிடும். பாட்டு போய் இருமல் நின்றது அதனால்தான். ஹெட்போனில் இரண்டு காதுக்கும் தனித்தனியே போவதால் அழிவு நடக்காது. ஆனால் பாடகர் முன்னால் நிற்காமல் மண்டைக்குள்ளும் இரண்டு பக்கமுமாகப் பரவிக் கிடப்பார். சிலருக்கு இந்த விசாலம் பிடித்துப்போய், "ஆஹா, என்ன ஸ்டீரியோ" என்று ரசிப்பதும் உண்டு.

மின்சாரத்திலேயே பிளஸ், மைனஸ் மாறும் அச்சம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். திரைப்பட ஒலிப்பதிவில் ஒரு காலத்தில் டி-பவர் என்ற முறை புழங்கியது. அதில் 12 வோல்ட்டை 2க்கும் 3க்கும் நடுவே தருவார்கள். அங்கே கம்பி மாறினால் மைக் நிஜமாகவே படுத்துவிடும். அந்தக் கால மைக் கையில் கிடைக்காதவரை நாம் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கிடைத்தால், அதை ஃபாண்டம் பவரில் நேராகச் செருக வேண்டாம்.

## ஃபேஸ் என்பது நேரக் கணக்கு

போலாரிட்டி மாற்றத்தில் நேரத்துக்கு வேலையில்லை. எல்லா ஸ்வரமும், எல்லா அதிர்வெண்ணும் ஒரே கணத்தில் கவிழும். ஃபேஸ் வேறுபாடு என்பது தாமதத்தால் வருவது. ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. ஒரு மைக் பாடகரிடமிருந்து மற்றதைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் ஒலி அங்கே ஆயிரத்தில் ஒரு விநாடி தாமதமாகப் போய்ச் சேரும். இரண்டையும் கூட்டினால் 500 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். அடுத்து 1500, 2500 என்று வரிசையாகப் பள்ளங்கள். நடுவே 1000, 2000 ஆகியவற்றில் மேடு. குழாய்க்குள்ளிருந்து பாடுவது போன்ற ஒரு குரல் கிடைக்கும். போலாரிட்டி பட்டனை அழுத்தினால் இந்தப் பள்ளங்கள் போகாது. மேடும் பள்ளமும் இடம் மாறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

மிக்சரில் குறுக்குக்கோடு போட்ட வட்டமாக ஒரு பட்டன் இருக்கும். பலவற்றில் அதன் பக்கத்தில் ஃபேஸ் என்றே அச்சிட்டிருப்பார்கள். அது செய்வது போலாரிட்டி மாற்றம் மட்டுமே. குழப்பத்தில் பாதிக்கு இந்த அச்சுதான் பொறுப்பு.

மைக் வைக்கும் முறையைப் பொறுத்து ஃபேஸ் தொல்லை கூடும், குறையும். இரண்டு மைக்கின் தலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 90 பாகை விரித்தால் அது எக்ஸ்-ஒய் முறை. இரண்டுக்கும் ஒலி ஒரே நேரத்தில் வருவதால் ஒற்றை ஸ்பீக்கரிலும் பதிவு கெடாது. ஓஆர்டிஎஃப் என்ற பிரெஞ்சு வானொலி முறையில் இடைவெளி 17 சென்டிமீட்டர், விரிவு 110 பாகை. கொஞ்சம் தாமதம் உண்டு, கேட்க அழகாகவும் இருக்கும். மைக்குகளை அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று விலக்கி வைக்கும் ஏ-பி முறையில் தாமதம்தான் அழகே. கூட்டினால் கொஞ்சம் இழப்பு நிச்சயம். அது கோளாறு அல்ல, அந்த முறையின் குணம். புதிதாகத் தொடங்குபவர் எக்ஸ்-ஒய்யில் தொடங்குவது நல்லது என்பது என் கட்சி. அதில் பாட்டு காணாமல் போனால் குற்றவாளி போலாரிட்டிதான் என்று கைகாட்டிவிடலாம். சந்தேகத்துக்கு இடமே இராது.

விலக்கி வைத்த மைக்குகளில் எது ஃபேஸ், எது போலாரிட்டி என்று பிரிக்கக் கீழ்ஸ்தாயியைக் கேளுங்கள். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீட்டர். பாதையில் முப்பது, நாற்பது சென்டிமீட்டர் வித்தியாசம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆகவே இரண்டு சேனலையும் கூட்டி, அந்த வட்டப் பட்டனை ஒரு சேனலில் மட்டும் அழுத்தியும் விட்டும் பாருங்கள். மிருதங்கத்தின் தொப்பி நாதமும் தம்புராவின் மந்தரமும் எந்த நிலையில் கனமாகக் கேட்கின்றனவோ அதுவே சரியான நிலை.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியவை இவை. எல்லாம் ஒரேயடியாகக் கவிழ்வது போலாரிட்டி. சில இடங்களில் மட்டும் பள்ளம் விழுவது ஃபேஸ். மைக்கே பேசவில்லை அல்லது கரகரக்கிறது என்றால்தான் ஃபாண்டம் பவரை விசாரிக்க வேண்டும்.

## ஃபாண்டம் பவரை விசாரிப்பது

சத்தமே இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது கேபிளின் மறுமுனை. பல இன்டர்ஃபேஸ்களில் ஒரே துளையில் எக்ஸ்எல்ஆரும் செருகலாம், தடித்த 6.35 மில்லிமீட்டர் பிளக்கும் செருகலாம். 48 வோல்ட் எக்ஸ்எல்ஆர் பின்களில் மட்டுமே வரும். நடுவில் இருக்கும் 6.35 துளைக்கு வராது. "ஸ்விட்ச் போட்டிருக்கிறேன், விளக்கும் எரிகிறது, மைக் வேலை செய்யவில்லை" என்ற புகார்களில் நிறைய இந்த இடத்திலேயே முடிந்துவிடும். கையடக்க ரெக்கார்டர்களில் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும் அமைப்பையும் பாருங்கள். சிலவற்றில் 24, 48 என்று தேர்வு இருக்கும். பேட்டரியைச் சேமிக்க யாரோ 24ஐத் தேர்ந்திருக்கலாம். ஒரு மைக்குக்குத் தாங்கும் பேட்டரி இரண்டு மைக்குக்குத் தள்ளாடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது மல்டிமீட்டர். டிசி வோல்ட்டில் வைத்து, மைக்கைக் கழற்றிவிட்டு, கேபிளின் மைக் பக்கத்து முனையில் அளக்க வேண்டும். அந்த முனையில் பின்களுக்குப் பதில் மூன்று துளைகள் இருக்கும், மீட்டரின் ஊசி சரியாக நுழையும். கறுப்பு ஊசி 1இல், சிவப்பு 2இல்: 44 முதல் 52 வோல்ட் வரை வந்தால் நலம். சிவப்பை 3க்கு மாற்றினால் அதே எண் வர வேண்டும். 2க்கும் 3க்கும் நடுவே சுழியம். ஊசி வழுக்கி இரண்டு துளைகளை இணைத்துவிட்டாலும் பதற வேண்டாம். 6.8 கிலோ ஓம் தடை குறுக்கே நிற்பதால் ஏழெட்டு மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது.

மைக்கைச் செருகிய நிலையில் அளக்கும் வசதி இருந்தால் எண் குறைவாகத் தெரியும். அதைக் கண்டு ஓடாதீர்கள். மூன்று மில்லி ஆம்பியர் எடுக்கும் ஒரு மைக்கில், இரண்டு தடைகளிலும் சேர்ந்து பத்து வோல்ட் விழுந்து, ஏறத்தாழ 38 வந்து நிற்கும். அது கணக்கின்படியே சரி. ஆனால் 2, 3இல் ஒரு கம்பி அறுந்திருந்தால் முழுச் சுமையும் ஒற்றைத் தடையின் மேல் விழுந்து, 28க்கும் கீழே இறங்கிவிடும். தராசின் ஒரு தட்டே இல்லாத நிலை இது. மைக் ஒருவேளை பேசும். ஒலி மெலிந்து, 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஏறி, உரத்துப் பாடும் இடங்களில் கரகரக்கும். ஃபாண்டம் பவர் பாதி வருகிறது என்று நினைக்க வைக்கும் கோளாறுகளில் இது முக்கியமானது.

ஷீல்ட் அறுந்தால் இன்னும் வேடிக்கை. கண்டென்சர் மைக் அடியோடு செத்துவிடும், ஏனென்றால் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. சோதிப்பதற்காக அதே கேபிளில் ஒரு டைனமிக் மைக்கைச் செருகுவார்கள். அதற்கு 2, 3 போதும் என்பதால் அது அழகாகப் பேசும். "கேபிள் நன்றாக இருக்கிறது, மைக்தான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நல்ல மைக்குகள் பழுது பார்க்கும் கடைக்குப் போவதில் கணிசமானவை இப்படிப் போனவையே. கண்டென்சர் மைக்கின் கேபிளை இன்னொரு கண்டென்சர் மைக்கால்தான் சோதிக்க வேண்டும், அல்லது மல்டிமீட்டரால்.

படபடவென்று வெடிக்கும் சத்தத்துக்கும் ஃபாண்டம் பவருக்கும் பல நேரம் சம்பந்தமே இல்லை. குளிரூட்டிய காரிலிருந்து மைக்கை எடுத்து ஈரக்காற்றில் வைத்தால் சவ்வின் மேல் நுண்ணிய நீர் படியும். தேங்கிய மின்னூட்டம் அதன் வழியே கசிந்து பொரியும். மார்கழிக் காலைகளிலும் கடலோர அரங்குகளிலும் இது சகஜம். உலரவிட்டால் சரியாகிவிடும். மைக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைக்கலாம்.

ஒழுங்கு பற்றி ஒரு வார்த்தை. மைக்கைச் செருகி, சத்தத்தைக் குறைத்து, அதன் பிறகு 48 வோல்ட்டைப் போட வேண்டும். கழற்றும்போது முதலில் 48 வோல்ட்டை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்துப் பிறகு கழற்ற வேண்டும். சரியான கேபிளில் வரும் ஃபாண்டம் பவர் சாதாரண டைனமிக் மைக்குக்குத் தீங்கு செய்யாது. மெல்லிய உலோகப் பட்டை அசைந்து வேலை செய்யும் பழைய ரிப்பன் மைக்குகளிடம் மட்டும் இந்த வீரம் வேண்டாம்.

## போலாரிட்டியை விசாரிப்பது

இரண்டு மைக்கையும் தலையோடு தலை சேர்த்து, ஒரே திசை பார்க்க வையுங்கள். ஒரே உடலில் இரண்டு சவ்வு கொண்ட ஸ்டீரியோ மைக் என்றால் அதன் நேர் நடுவில் நில்லுங்கள். கை நீட்டும் தூரத்திலிருந்து "ஆ" என்று நீளமாக ஒரு கார்வை பிடித்துப் பதிவு செய்யுங்கள். இரண்டு சேனலின் அளவையும் சமமாக்கி மோனோவாக, அதாவது ஒரே தடமாகக் கூட்டிக் கேளுங்கள். குரல் ஓங்கினால் நலம். குரல் உலர்ந்து, சன்னமாக உயர்ந்த ஒலிகள் மட்டும் மிஞ்சினால் ஒன்று கவிழ்ந்திருக்கிறது.

கண்ணால் பார்த்துத்தான் நம்புவேன் என்பவர்கள் இரண்டு மரத்துண்டுகளைத் தட்டி அந்த ஒலியை ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஓசை தொடங்கும் முதல் அசைவு இரண்டு சேனலிலும் ஒரே பக்கம் கிளம்ப வேண்டும். ஒன்று மலை, ஒன்று மடு என்றால் சந்தேகம் தீர்ந்தது.

எது தவறு என்று கண்டுபிடிக்க, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நிமிர்ந்தது எது, கவிழ்ந்தது எது என்பதை அந்த முதல் அசைவே காட்டும் என்பதால் அதைப் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள். இரண்டு கேபிளையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டதும் கவிழ்ந்த அலை மற்றச் சேனலுக்குத் தாவினால் குற்றம் கேபிளில். அதே சேனலில் நின்றால் அங்கே யாரோ வட்டப் பட்டனை அழுத்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பட்டன் சுத்தமாக இருந்தால் மைக்குகளை இடம் மாற்றிப் பாருங்கள். அவசரப்பட்டு இரண்டு கேபிளையும் பெட்டியிலிருந்து எடுத்த வேறு இரண்டால் மாற்றினால் பதிவு சரியாகிவிடும், காரணம் தெரியாது. தவறான கேபிள் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டு அடுத்த கச்சேரிக்குக் காத்திருக்கும். இரண்டு தவறான கேபிள்கள் ஜோடி சேர்ந்தால் எல்லாம் சரியாகவே கேட்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கேபிளைத் தனியே கழற்றி, கம்பி இணைந்திருந்தால் மல்டிமீட்டர் தரும் பீப் ஒலியில் 1க்கு 1, 2க்கு 2, 3க்கு 3 என்று தொட்டுப் பார்த்துவிடுவதே நிம்மதி.

ஒரே உடல் ஸ்டீரியோ மைக்குகளில் பல ஐந்து பின் எக்ஸ்எல்ஆரோடு வரும். 1 ஷீல்ட், 2, 3 இடது, 4, 5 வலது என்பது வழக்கம். அங்கிருந்து இரண்டு மூன்று-பின் கனெக்டர்களாகப் பிரியும் கேபிள் தொலைந்துபோய் உள்ளூரில் பற்றவைத்துக்கொண்டால் கவனம் தேவை. 4உம் 5உம் மாறினால் வலது சேனல் கவிழும். 3உம் 4உம் மாறினால் விபரீதம். இடதிலிருந்து வலதைக் கழித்த மிச்சம் ஒரு சேனலிலும், அதன் தலைகீழ் மற்றதிலும் பதிவாகும். ஒரு சேனலைத் தனியாகக் கேட்டாலே பாடகர் இருக்க மாட்டார். 48 வோல்ட்டோ நான்கு சிக்னல் பின்னிலும் குறையின்றி நிற்கும், மைக் உயிரோடு இருக்கும்.

இதன் தம்பி ஒன்று 3.5 மில்லிமீட்டர் பிளக்கில் இருக்கிறது. கேமராவுக்கான ஸ்டீரியோ மைக்கின் சிறு பிளக்கில் நுனி இடது, நடு வளையம் வலது. அதை ஓர் அடாப்டர் போட்டு மிக்சரின் எக்ஸ்எல்ஆரில் செருகினால் மிக்சர் அதைப் பேலன்ஸ்டு என்று நினைத்து இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். மறுபடியும் பாடகர் இல்லை. போதாததற்கு, அந்த மைக்குக்கு வேண்டியது கேமரா தரும் சில வோல்ட். 48 வோல்ட்டை அங்கே ஏற்றினால் மைக் கெடலாம். மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் அடாப்டர்கள் தனியாக இருக்கின்றன. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு தனித் துளைகளில்தான் செருக வேண்டும்.

## கவிழ்ந்திருப்பதே சரியாக இருக்கும் இடங்கள்

மிருதங்கத்துக்கு இரண்டு முகம், இரண்டு மைக். வலந்தலையில் அடி விழும்போது அந்தத் தோல் தன் மைக்கைவிட்டு உள்ளே போகிறது. உள்ளிருக்கும் காற்று தொப்பியின் தோலை அதன் மைக்கை நோக்கி வெளியே தள்ளுகிறது. கேபிள்கள் எல்லாம் சுத்தமாக இருந்தும் இரண்டு மைக்கும் எதிரெதிராகப் பேசும். இங்கே விதிப்புத்தகத்தைவிடக் காது பெரிது. ஒரு சேனலைக் கவிழ்த்துக் கேட்டு, நாதம் எதில் நிறைகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டீரியோவின் முன்னோடியான ஆலன் புளூம்லைன் 1930களில் வகுத்துத் தந்த அடிப்படையில் வந்த மிட்-சைட் முறையில் கவிழ்ப்பதுதான் தொழில்நுட்பமே. நேராகப் பார்க்கும் ஒரு மைக், பக்கவாட்டில் இருபுறமும் கேட்கும் இன்னொரு மைக். இரண்டையும் கூட்டினால் இடது. பக்க மைக்கைக் கவிழ்த்துக் கூட்டினால் வலது. இதை மோனோவாக்கினால் பக்க மைக் முழுவதும் அழிந்து, நேர் மைக் அப்படியே நிற்கும். பாடகர் பத்திரம். பக்க மைக்கின் கேபிள் மட்டும் தவறாக இருந்தால் பாட்டு அழியாது. வயலின்காரர் மிருதங்கக்காரரின் இடத்துக்குப் போய்விடுவார்.

## பதிவு முடிந்துவிட்டதே, என்ன செய்வது

ஒரு சேனல் முழுதாகக் கவிழ்ந்த பதிவைக் காப்பாற்றுவது எளிது. ஆடாசிட்டியில் ஸ்டீரியோ தடத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தேர்ந்து, இன்வர்ட் என்ற கட்டளையைக் கொடுத்து மறுபடி சேர்த்தால் போதும். கோப்பில் ஒலியைக் குறிக்கும் எண்களின் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் மட்டும் மாறுவதால் தரம் ஒரு துளியும் குறையாது. எந்தச் சேனலைக் கவிழ்ப்பது என்று தெரியவில்லையென்றால் எதையாவது ஒன்றைக் கவிழ்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் போதும். செய்து முடித்ததும் மோனோவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள், பாடகர் நடுவில் வந்து உட்கார்ந்திருப்பார்.

3உம் 4உம் மாறிய கேபிளிலோ, 3.5 பிளக்கை மிக்சரில் கழித்தோ பதிவானது என்றால் நிலைமை வேறு. அங்கே கழித்தல் பதிவுக்கு முன்பே நடந்துவிட்டது. கழிந்துபோன பாட்டு கோப்பில் எங்குமே இல்லை என்பதால் எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பித் தர முடியாது. அரங்கத்தில் வேறு யாராவது கைப்பேசியில் பதிவு செய்திருந்தால், அதைக் கேட்டு வாங்குவதுதான் வழி.